கூடார வாயிலில் அமர்ந்தவர்

(வானொலி மறையுரை. வாசகங்கள்: தொடக்க நூல் 13:5-18, 18:1-8)



வெயிலைக் கண்டால் நாம் நிழலைத் தேடுகிறோம். குளிர் நாட்டில் வாழ்கிறவர்களுக்கோ வெயில் ஒரு வரம். அமெரிக்காவின் வட மாநிலங்களில் டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும். வாசலில் பனி குவிந்து கிடக்கும். வழுக்கி விழுந்துவிடுவோமோ என்ற அச்சத்தில் முதியவர்கள் பலர் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடப்பார்கள். எனவே பணி ஓய்வு பெற்றதும், காலாற நடக்கவும் திறந்த வெளியில் பொழுதைக் கழிக்கவும் வெயில் அடிக்கும் தென் மாநிலங்களுக்குப் பலர் குடிபெயர்கிறார்கள்.

இத்தகையோருக்கென்றே அரிசோனா மாநிலத்தில், ஃபீனிக்ஸ் நகருக்கு அருகே, 1960 ஜனவரி 1 அன்று 'சன் சிட்டி' என்ற ஊர் திறக்கப்பட்டது. கோல்ஃப் மைதானம், நீச்சல் குளம், கடைகள் என எல்லாம் அங்கே உண்டு. ஒரு விதியும் உண்டு: வீட்டில் ஒருவருக்காவது 55 வயது நிறைந்திருக்க வேண்டும். பேரப்பிள்ளைகள் விருந்தாளிகளாக வந்து போகலாம். நிலையாகத் தங்க முடியாது.

அங்கே போகிறவர்களைக் குறை சொல்வது நம் நோக்கமல்ல. வெயிலும் காற்றும் இறைவன் தந்த கொடைகள். ஆனால் ஓரிடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நாம் எதைப் பார்க்கிறோம்?

லோத்து கண்களை உயர்த்திப் பார்த்தார். நீர்வளம் மிக்க யோர்தான் சமவெளி தெரிந்தது. அதையே தேர்ந்துகொண்டார். தம்மை வளர்த்து அழைத்து வந்த ஆபிராமை விட்டுப் பிரிகிறோமே என்றோ, அங்கே அயலார் எப்படிப்பட்டவர்கள் என்றோ அவர் எண்ணியதாக மறைநூல் சொல்லவில்லை. முடிவு என்ன? பரந்த சமவெளியை விரும்பியவர், ஒருநாள் கதவைப் பூட்டிக்கொண்டு நடுங்கினார். கடைசியில் அஞ்சி ஒரு குகையில் குடியிருந்தார்.

நிலம் மட்டும் நமக்கு வாழ்வு தருவதில்லை. அதே ஃபீனிக்ஸ் நகரில் 2023ஆம் ஆண்டு கோடையில், தொடர்ந்து 31 நாள்கள் வெப்பம் 43 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. வசதி உள்ளவர்கள் குளிரூட்டிய அறைகளுக்குள் அடைந்துகொண்டார்கள். பனிக்குப் பயந்து பூட்டிய கதவை வெயிலுக்குப் பயந்து மீண்டும் பூட்டினார்கள். அந்த ஆண்டு, அந்நகரம் அமைந்துள்ள மாரிகோப்பா மாவட்டத்தில் வெப்பத்தால் 645 பேர் இறந்தார்கள். அவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானோர் வீடற்றவர்கள். ஒருவருக்கு உல்லாசமான வெட்டவெளி, மற்றொருவருக்குச் சாவாகிறது. நல்லோர் மீதும் தீயோர் மீதும் ஒரே கதிரவனை உதிக்கச் செய்கிறவர் நம் தந்தை. அந்தக் கதிரவனின் கீழ் ஒருவரையொருவர் கவனிப்பது நம் பொறுப்பு.

ஆபிரகாமைப் பாருங்கள். அவருக்கும் திறந்தவெளி வாழ்க்கைதான். வெயில் கொளுத்தும் நண்பகலில் கூடார வாயிலில் அமர்ந்திருக்கிறார். முன்பின் அறியாத மூவரைக் கண்டதும் ஓடுகிறார். கால் கழுவத் தண்ணீர் கொடுத்து, மர நிழலில் அமர்த்தி, அப்பம் சுடச் சொல்லி, கன்றை அடித்து விருந்து வைக்கிறார். அவர் வரவேற்றது ஆண்டவரை என்பது பின்புதான் விளங்கியது. வாயிலில் இராமல் உள்ளே உறங்கியிருந்தால் அந்த விருந்தினர் கடந்து போயிருப்பார்கள்.

நம் முன்னோர் வீடு கட்டியபோது வாசலில் திண்ணையையும் கட்டினார்கள். வழிப்போக்கர் அதில் இளைப்பாறினார்கள், தண்ணீர் வாங்கிக் குடித்தார்கள். இன்று திண்ணை இருந்த இடத்தில் இரும்புக் கம்பிக் கதவு நிற்கிறது. ஆண்டு முழுதும் வெயில் அடிக்கும் ஊரில் இருந்துகொண்டே, தொலைக்காட்சியின் முன் நாமும் அடைந்து கிடக்கிறோம். அடுத்த தெருவில் தனியாக இருக்கும் பாட்டியைக் கடைசியாக எப்போது பார்த்தோம்?

இந்த வாரம், வெயில் தாழ்ந்தபின் ஒரு மாலை, நாற்காலியை வாசலில் போட்டு அமர்வோம். கடந்து போகிறவரிடம் பேசுவோம். வர இயலாதவர் வீட்டுக்கு நாமே நடந்து போவோம்.

மன்றாடுவோம்: ஆண்டவரே, எந்த ஊரில் எங்களைக் குடிவைத்தாலும், எங்கள் கதவு உமக்கும் எளியோருக்கும் திறந்திருக்க அருள்தாரும். ஆமென்.