வெண்ணெய் மாவில் ஒரு முட்பூ

டிசம்பர் 31 இரவை ஸ்காட்லாந்து மக்கள் ஹாக்மனே என்று கொண்டாடுகிறார்கள். நள்ளிரவு கடந்ததும் வீட்டுக்குள் முதலில் காலடி வைக்கிறவர் வெறுங்கையோடு வரக் கூடாது என்பது அங்கே வழக்கம். கரித்துண்டு, விஸ்கி, கூடவே ஷார்ட்பிரெட் என்ற வெண்ணெய் பிஸ்கட். ஷெட்லாந்து தீவுகளில் புகுந்த வீட்டு வாசலைத் தாண்டும் மணப்பெண்ணின் தலைக்கு மேலே, அலங்கரித்த ஷார்ட்பிரெட் ஒன்றை உடைப்பார்களாம்.

இவ்வளவு மரியாதை பெற்ற பண்டத்தில் இருப்பவை மூன்றே பொருட்கள். எடைக் கணக்கில் சர்க்கரை ஒரு பங்கு, வெண்ணெய் இரண்டு, மாவு மூன்று. முட்டை இல்லை, பால் இல்லை, பேக்கிங் பவுடரும் இல்லை.

இல்லாதவைதான் இங்கே வேலை செய்கின்றன. மைதாவில் தண்ணீர் விட்டுப் பிசைந்தால் குளூட்டன் என்ற புரதம் இழையோடி, மாவு ஜவ்வாக இழுக்கும். ஷார்ட்பிரெட்டில் வெண்ணெய் மாவுத் துகள்களைப் போர்த்திவிடுகிறது, ஈரமும் குறைவு. இழை வளர வழியில்லாததால் வாயில் வைத்ததும் உதிர்கிறது. உப்ப வைக்கும் பொருளும் இல்லையே, அதனால் அச்சில் அழுத்திய கோடு வெந்த பிறகும் பெரும்பாலும் கலையாமல் நிற்கிறது. கேக் மாவில் இவ்வளவு நுணுக்கத்தை எதிர்பார்க்க முடியாது.

பழைய அச்சுகள் மரத்தில் குடைந்தவை. ஸ்காட்லாந்தின் தேசிய மலரான முட்பூவைத்தான் அவற்றில் அதிகம் பார்க்கலாம். மாவை அழுத்தி, நம் மோதக அச்சைப் போலவே தட்டி எடுத்து, தட்டில் வைத்துச் சுடுவார்கள். இன்று கடைகளில் கிடைக்கும் பீங்கான் தட்டும் வார்ப்பு அலுமினியத் தட்டும் வேறு வகை. மாவை அதிலேயே அழுத்தி அப்படியே ஓவனில் வைக்கலாம். பண்ட் கேக் தட்டால் பெயர் பெற்ற அமெரிக்காவின் நார்டிக் வேர் நிறுவனமும் இப்படிப்பட்ட அலுமினியத் தட்டுகளைச் செய்கிறது. வாங்குகிறவர்கள் மெல்லிய சரிகை வேலையைவிட ஆழமாகவும் அகலமாகவும் செதுக்கிய கோலத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது. அதுதான் தெளிவாகப் பதியும்.

20 செ.மீ. தட்டுக்கு 110 கிராம் வெண்ணெய், 55 கிராம் பொடித்த சர்க்கரை, 165 கிராம் மைதா போதும். மைதாவில் 25 கிராமைக் குறைத்து அரிசி மாவு சேர்த்தால் நல்ல மொறுமொறுப்பு கிடைக்கும். ஸ்காட்லாந்து வீடுகளிலும் இப்படிச் செய்வதுண்டு. பெரிய பரல் சர்க்கரை வேண்டாம், கோட்டின் ஓரம் சொரசொரப்பாகிவிடும். வெண்ணெய் விரலால் அழுத்தினால் குழிய வேண்டும், உருகியிருக்கக் கூடாது. நம்மூர் வெயிலில் இது நொடியில் கைமீறும். அப்படியானால் மாவைச் சற்று நேரம் குளிர்பதனப் பெட்டியில் வைத்து எடுக்கலாம். மாவு திரண்டதும் பிசைவதை நிறுத்திவிட வேண்டும்.

தட்டின் ஒவ்வொரு பள்ளத்திலும் வெண்ணெயை மெல்லியதாகத் தடவி, மைதா தூவி, மிச்சத்தைத் தட்டிக் கொட்டிவிட வேண்டும். தேங்கி நிற்கும் மைதா கோலத்தை அடைத்துவிடும். மாவை நடுவிலிருந்து ஓரம் வரை சமமாக அழுத்தி, மேற்பரப்பில் முள்கரண்டியால் குத்தினால் ஆவி அதன் வழியே வெளியேறும். 160 டிகிரி செல்சியஸில் ஏறக்குறைய 35 நிமிடம். ஓரம் இளம்பொன்னிறமாவதே பதம்.

அடுத்த பத்து நிமிடம்தான் முக்கியமானது. சுடச்சுடக் கவிழ்த்தால் நொறுங்கும், முழுக்க ஆறவிட்டால் தட்டை விட்டு வராது. பத்து நிமிடம் கழித்து ஓரத்தைக் கத்தியால் மெல்ல விடுவித்து, பலகை மேல் கவிழ்க்க வேண்டும். அச்சின் அடியில் இருந்த முட்பூ அப்போதுதான் முதன்முதலாகக் கண்ணில் படும். துண்டு போடுவதும் அந்தச் சூட்டிலேயே, கோலத்தின் கோட்டை ஒட்டியே. ஆறிய பிறகு கத்தி வைத்தால் கோணல்மாணலாக உடையும்.

காற்றுப் புகாத டப்பாவில் இது ஒரு வாரத்துக்கு மேலும் நன்றாக இருக்கும். தட்டை மட்டும் வெந்நீரில் ஊறவைத்து, மெல்லிய பிரஷால் பள்ளங்களைத் தேய்த்து உடனே துடைத்துவிட வேண்டும். அங்கே தங்கும் பழைய வெண்ணெய் காறிப்போகும். அடுத்த முறை மாவு ஒட்டிக்கொள்வதும் அந்த இடத்தில்தான்.