அலிஃபும் ஆங்கிலமும் ஒரே பலகையில்

வளைகுடாவில் வேலை பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு அங்குள்ள சாலைப் பலகைகள் நினைவிருக்கும். அரபி ஒரு வரி, ஆங்கிலம் ஒரு வரி. இரண்டையும் கண் ஒரே கனமாக உணர வேண்டும். அப்படி ஒரு ஜோடி எழுத்துருவை வரைவது லேசுப்பட்ட வேலை இல்லை.

காரணம், பேனா. புத்தகங்களில் நாம் பார்க்கும் ஆங்கில எழுத்தில் நிற்கும் கோடு தடிமன், படுக்கும் கோடு மெலிசு. சாய்வாக நறுக்கிய நாணல் பேனாவில் வளர்ந்த அரபியிலோ, கனம் பெரும்பாலும் படுக்கைக் கோட்டில்தான் இருக்கும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதமும் அரபிக்குக் கிடையாது. அலிஃப் நெட்டையாக நிற்கும். பக்கத்திலேயே 'பா' ஒரு குட்டைப் பல்லாகச் சுருங்கிவிடும். 'ஜீம்' வரிக்குக் கீழே இறங்கி வளையும். புள்ளிகளுக்கோ மேலேயும் இடம் வேண்டும், கீழேயும் இடம் வேண்டும்.

குறுக்கு வழி ஒன்று உண்டு. ஆங்கில எழுத்தின் துண்டுகளை வெட்டி, திருப்பிப் போட்டு அரபியாக ஒட்டிவிடுவது. தூரத்திலிருந்து பார்த்தால் ஜோடி அழகாகத்தான் இருக்கும். படிக்கப் போனால் வரிக்கு வரி கண் இடறும்.

லெபனானைச் சேர்ந்த எழுத்துரு வடிவமைப்பாளர் நதீன் ஷாஹின் அந்த வழியில் போகவில்லை. சுவிட்சர்லாந்துக்காரரான ஏட்ரியன் ஃப்ருட்டிகர் பாரிஸின் சார்ல் த கோல் விமான நிலையப் பலகைகளுக்காக வரைந்த எழுத்து, 1976-இல் அவர் பெயரிலேயே எழுத்துருவாக வந்தது. அதன் அரபித் துணை, ஷாஹின் வரைந்து 2007-இல் வெளியான ஃப்ருட்டிகர் அரபிக். மூல எழுத்தின் பலம், வாய் திறந்த 'சி', 'இ' போன்ற வடிவங்கள்; நடந்துகொண்டே படித்தாலும் குழம்பாது. ஷாஹின் எடுத்துக்கொண்டது அந்தத் திறப்பைத்தான், உருவத்தை அல்ல. பழைய கூஃபி பாணியை அடித்தளமாக வைத்து, நஸ்க் கையெழுத்தின் நெளிவைக் கொஞ்சம் சேர்த்தார். மீம், ஃபா ஆகிய எழுத்துகளின் கண் போன்ற துளைகள் அடைபடாமல் அகன்றிருக்கின்றன. பலகைக்கு இது மிகப் பொருத்தம் என்பேன்.

இழப்பும் இருக்கிறது. 'முஹம்மத்' என்ற பெயரை மரபான கையில் எழுதினால், முதல் மீம் ஹாவின் தலைமேல் ஏறி உட்கார்ந்து அங்கிருந்து சரிந்து இறங்கும். ஃப்ருட்டிகர் அரபிக்கில் எல்லாம் ஒரே நேர்கோட்டில் வரிசை கட்டி நிற்கின்றன. கையெழுத்துக் கலைஞர்களுக்கு இது மனத்தாங்கல்தான், நியாயமானதும்கூட.

ஆகவே, ஒரு நாவலை இந்த எழுத்தில் அச்சிடச் சொன்னால் நான் சம்மதிக்க மாட்டேன். அதற்கு அதே ஷாஹின், எழுத்துரு வடிவமைப்பாளர் ஹெர்மன் ஸாப்ஃபுடன் சேர்ந்து செய்த பாலட்டினோ அரபிக் இருக்கிறது. ஸாப்ஃப் 1956-இலேயே வரைந்த 'அல் அஹ்ராம்' என்ற அரபி எழுத்தைத் திருத்தி எடுத்தது அது. பேனாவின் தடிப்பும் மெலிவும் அதில் அப்படியே தெரியும். நூறு பக்கம் படித்தாலும் கண் சலிக்காது.