தழும்பு ஆறிய பின்னும் தொடரும் மருந்து

(கோல சிலாங்கூர் வட்டாரத் தோட்ட மக்களிடையே தகவல் அதிகாரி ஒருவர் ஆற்றிய உரை)

கழுத்திலுள்ள தைராய்டுச் சுரப்பியை அறுவைச் சிகிச்சையின் மூலம் அகற்றிக் கொண்டவர்கள், அதன் பின்னர்த் தங்களை எவ்வாறு பேணிக் கொள்ள வேண்டும் என்பது பற்றி இன்று பேச விழைகிறேன். "இது மருத்துவர் பேச வேண்டிய பொருளாயிற்றே, தகவல் அதிகாரிக்கு இதில் என்ன வேலை?" என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். எண்ணுவது நியாயமே. ஆனால் இந்தப் பாடத்தை நான் முதலில் புத்தகத்தில் படிக்கவில்லை. என் உடன்பிறந்த அக்காளின் வாழ்க்கையில் படித்தேன்.

அக்காள் வட சிலாங்கூரில் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டுபவர். நம் வட்டாரத்தில் பால்மரக் காடுகள் சுருங்கிச் செம்பனை எங்கும் பரவிவிட்டது. நாட்டிலேயே முதன்முதலாக வாணிப நோக்கில் செம்பனை நடப்பட்டதும் 1917 ஆம் ஆண்டில் இங்கேதான்; நம் பெற்றோர் பத்தாங் பெர்ஜுந்தை என்று அழைத்த பெஸ்தாரி ஜெயாவுக்கு அருகில், தென்னமரம் தோட்டத்தில். எஞ்சி நிற்கும் பால்மர நிரைகளில் ஒன்றே அக்காளுக்கு இன்றும் சோறு போடுகிறது.

அவருக்குக் கழுத்தில் கழலை வளர்ந்து மூச்சுக்குழாயை அழுத்தத் தொடங்கியது. மருத்துவர்கள் சுரப்பியை முழுவதுமாக எடுத்துவிட்டனர். புண் ஆறியது; கம்மியிருந்த குரலும் மெல்லத் திரும்பியது. மருத்துவமனையில் கொடுத்த மாத்திரை மூன்று மாதங்களில் தீர்ந்தபோது, "உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது, இனி எதற்கு மருந்து?" என்று நிறுத்திவிட்டார். நானோ, படித்தவன் என்று குடும்பத்தில் பெயர் பெற்றவன். தொலைபேசியில் பேசும்போதெல்லாம், "புண் ஆறிவிட்டதா?" என்று கேட்டேனே தவிர, மாத்திரையைப் பற்றி ஒரு முறையேனும் கேட்டேனில்லை.

நிறுத்திய முதல் இரண்டு வாரங்களில் ஒன்றும் நிகழவில்லை. ஏமாறுவதற்கு அதுவே காரணமாகிறது. இந்த மருந்து உடம்பை விட்டு உடனே நீங்குவதில்லை. ஏறத்தாழ ஏழு நாட்களில் பாதியாகவும், அடுத்த ஏழு நாட்களில் அதிற் பாதியாகவும் குறைந்துகொண்டே போகும். ஆகையால் நிறுத்தியவருக்கு, நிறுத்தியது சரியே என்று தோன்றிவிடுகிறது. தளர்ச்சி தலைகாட்டும் நாளில், அதற்கும் மாத்திரைக்கும் தொடர்பு உண்டு என்பதே நினைவுக்கு வருவதில்லை.

அக்காளுக்கும் அவ்வாறே ஆயிற்று. நிரையை வெட்டி முடிக்கும் நேரம் நாளுக்கு நாள் பின்னுக்குப் போனது. விடியற்காலைக் குளிர் தாங்காமல் இரண்டு சட்டை அணிந்தார். முகம் ஊதியது, தோல் வறண்டது, மலச்சிக்கல் வாட்டியது, சொன்ன சொல் மறந்து போனது. "அக்காளுக்குச் சோம்பல் வந்துவிட்டது" என்று வீட்டார் நகைத்தனர். மேற்பார்வையாளர் கடிந்துகொண்டார். பால் குறைந்தது, சம்பளமும் குறைந்தது. முப்பது ஆண்டுகள் இருட்டில் எழுந்து உழைத்த அந்தப் பெண்மணி, தம்மைச் சோம்பேறி என்று தாமே நம்பத் தொடங்கியதுதான் எனக்கு இன்றளவும் ஆறாத வருத்தம். வேறு ஏதோ இருமலுக்காக அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கிற்குச் சென்றபோது, அங்கிருந்த இளம் மருத்துவர் கழுத்துத் தழும்பைக் கண்டு கேள்வி கேட்டார், இரத்தத்தைச் சோதித்தார், மீண்டும் மாத்திரையைத் தொடங்கி வைத்தார். அக்காள் பழைய நிலைக்கு வர இரண்டு மாதங்களுக்கு மேல் ஆயிற்று.

நேயர்களே, தைராய்டுச் சுரப்பி குரல்வளைக்குச் சற்றுக் கீழே, வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தாற்போல் அமைந்துள்ளது. எடை சுமார் 20 கிராம்தான். அது சுரக்கும் தைராக்சின் என்னும் ஹார்மோன், உடம்பு எரிக்கும் சக்தியின் அளவை முறைப்படுத்துகிறது. அடுப்பில் விறகைத் தள்ளியும் இழுத்தும் தீயைச் சீராக வைப்பதைப் போன்ற வேலை அது. சுரப்பியை எடுத்துவிட்டால் அவ்வேலையைச் செய்ய வேறு உறுப்பு இல்லை.

இதனை மருத்துவ உலகமே ஒரு காலத்தில் அறிந்திருக்கவில்லை என்றால் நம்புவீர்களா? சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் தியோடர் கோச்சர் என்னும் அறுவை மருத்துவர், கழலையை அகற்றுவதில் நிகரற்று விளங்கினார். சுரப்பியை முழுவதும் இழந்த தம் நோயாளிகள் பிற்காலத்தில் மந்தமாகி, முகம் ஊதி, அறிவும் தளர்ந்து போனதைக் கண்டு, 1883 ஆம் ஆண்டில் அதனை ஒளிக்காமல் வெளியிட்டார். 1909 ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்ற அப்பெரியவர், தம் கைவேலையின் விளைவைத் தாமே எடுத்துரைத்தது போற்றத்தக்கது. 1891 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் ஜார்ஜ் மரே என்னும் மருத்துவர், தைராய்டு சுரப்புக் குறைந்து நலிந்திருந்த ஒரு பெண்மணிக்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றைச் செலுத்தினார். அவ்வம்மையார் மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். அதற்கு 870க்கும் மேற்பட்ட ஆடுகளின் சுரப்பிகள் தேவைப்பட்டனவாம். 1914 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் எட்வர்ட் கெண்டல் தைராக்சினைத் தனியே பிரித்தெடுத்தார். 1927 ஆம் ஆண்டில் அது ஆய்வுக்கூடத்திலேயே உருவாக்கப்பட்டது. இன்று அதே ஹார்மோன் ஒரு சிறு மாத்திரையில் அடங்கிவிட்டது. 100 மைக்ரோகிராம் மாத்திரையிலுள்ள மருந்து, ஒரு கடுகின் எடையில் இருபதில் ஒரு பங்குக்கு மேற்படாது.

மருந்து என்ற சொல்தான் நம்மை மயக்குகிறது. காய்ச்சல் தீர்ந்தால் காய்ச்சல் மருந்தை நிறுத்துகிறோம். இந்த மாத்திரையோ நோயைத் தீர்க்க வந்ததன்று. இல்லாமற் போன ஒன்றை நாள்தோறும் ஈடு செய்ய வந்தது. சோறு உண்டதால் தெம்பாக இருப்பவர், தெம்பாகத்தானே இருக்கிறோம் என்று சோற்றை நிறுத்துவாரா?

இனி, மாத்திரையை உட்கொள்ளும் முறையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தோட்டத் தொழிலாளர்களுக்கு இதில் தனியான இடர்ப்பாடு ஒன்று உண்டு. வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் விழுங்கி, அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை வேறெதுவும் உண்ணாமலும் பருகாமலும் இருந்தால்தான் மருந்து உடம்பில் சரிவரச் சேரும். கோப்பி அதனைக் குடலில் சேரவிடாமல் தடுக்கும். நாமோ நான்கரை மணிக்கு எழுந்ததும் கோப்பிக் குவளையைத்தான் தேடுகிறோம்! அக்காள் இப்போது கடைப்பிடிக்கும் முறை எளியது. படுக்குமுன் தலைவிளக்கிற்குப் பக்கத்தில் ஒரு குவளைத் தண்ணீரையும் மாத்திரை அட்டையையும் வைத்துவிடுகிறார். எழுந்தவுடன் விழுங்குகிறார். பிறகு குளித்து, பிள்ளைகளுக்குச் சமைத்து, கத்தியைத் தீட்டி முடிப்பதற்குள் ஒரு மணி நேரம் கடந்துவிடுகிறது. கோப்பி அதன் பின்னரே. காலையில் இது இயலாதவர்கள், இரவு உணவு முடிந்து மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கப் போகும்போது உட்கொள்ளலாமா என்று மருத்துவரிடம் கேட்டுக் கொள்ளலாம். அதுவும் ஏற்றுக்கொள்ளப்பட்ட முறையே. நேரத்தை நாள்தோறும் மாற்றிக் கொண்டிருப்பதுதான் தவறு.

இரும்புச்சத்து மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் இதனோடு சேரக் கூடாது. நான்கு மணி நேர இடைவெளி தேவை. தைப்பூசத்திற்கு விரதம் இருப்பவர்களும் மாத்திரையை விடக் கூடாது. தண்ணீர் மட்டும்தானே வேண்டும்! ஒரு வேளை மறந்துவிட்டால் நினைவு வந்ததும் எடுத்துக் கொள்ளுங்கள். மறுநாள் வேளை நெருங்கிவிட்டால் விடுபட்டதை விட்டுவிடுங்கள், இரண்டாகச் சேர்த்து விழுங்க வேண்டாம். கூடுதல் தெம்பு வரும் என்று அளவைத் தாமாகவே கூட்டிக்கொண்டால் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், தூக்கம் கெடும், நாளடைவில் எலும்பும் தேயும். மாத்திரை அட்டையை அடுப்பங்கரையிலும் வெயில் படும் சன்னலோரத்திலும் வைக்காதீர்கள். வெப்பமும் ஈரமும் மருந்தின் ஆற்றலைக் குறைக்கும்.

அயோடின் கலந்த உப்பு கழலை வராமல் காக்க வல்லது. ஆனால் சுரப்பியையே எடுத்துவிட்டவருக்கு அது மாத்திரைக்கு ஈடாகாது. கோசுக்கீரை உண்ணக்கூடாது என்று சிலர் பத்தியம் சொல்வார்கள். சுரப்பியே இல்லாதவரை வேகவைத்த கோசு என்ன செய்துவிடும்?

அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர்களுக்கு ஒரு சொல். கழுத்து திடீரென்று வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ நொடியும் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள். உதட்டைச் சுற்றியும் விரல் நுனிகளிலும் மதமதப்பு, கை கால்களில் இசிவு இவை தோன்றினால், அது உடம்பில் கால்சியம் குறைந்ததன் அறிகுறி. தைராய்டை ஒட்டியுள்ள நான்கு சிறு சுரப்பிகள் அறுவையின்போது அதிர்ச்சியுற்றால் இவ்வாறு நேரும். உடனே சிகிச்சை பெற வேண்டும். குரல் கம்மல் பெரும்பாலும் சில வாரங்களில் தீரும்; நீடித்தால் மருத்துவரிடம் கூறுங்கள். முதல் சில வாரங்களுக்குக் காண்டா வாளி தூக்குவதோ, அண்ணாந்து உயரப் பட்டையை வெட்டுவதோ, செம்பனைக் குலை தள்ளுவதோ வேண்டாம். எப்போது வேலைக்குத் திரும்பலாம் என்பதை மருத்துவர் சொல்லட்டும், கடன்காரர் சொல்ல வேண்டாம்.

சம்பளம் போய்விடுமே என்று அஞ்சி விரைந்து வேலைக்குத் திரும்புவோர் பலர். 1955 ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி, மருத்துவமனையில் தங்க நேரும்போது ஆண்டுக்கு 60 நாட்கள் வரை சம்பளத்துடன் கூடிய நோய் விடுப்பு உண்டு. மருத்துவமனையில் தங்காத நோய் விடுப்பு சேவைக் காலத்தைப் பொறுத்து 14, 18 அல்லது 22 நாட்கள். 2023 ஜனவரி முதல் நாளிலிருந்து இவ்விரண்டும் தனித்தனியே கணக்கிடப்படுகின்றன. விடுப்பு தொடங்கிய 48 மணி நேரத்திற்குள் முதலாளிக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள்; சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு உரிமையை இழந்தவர்களை நான் அறிவேன்.

இரத்தப் பரிசோதனைக்கு வருகிறேன். மாத்திரையின் அளவு ஆளுக்கு ஆள் வேறுபடும். அடுத்த வீட்டு அம்மாவின் மாத்திரை உங்களுக்குப் பொருந்தாது. தொடங்கியபோதும், அளவை மாற்றும்போதும் ஆறு முதல் எட்டு வாரங்களில் இரத்தத்தைச் சோதிப்பார்கள். அளவு நிலைபெற்ற பின் ஆறு மாதத்திற்கோ ஆண்டுக்கோ ஒருமுறை போதும். குடிமக்களுக்கு அரசாங்கக் கிளினிக்கில் கட்டணம் ஒரு ரிங்கிட்தான். அன்றைய நாட்கூலி வேறு செலவு என்பதையும் நான் அறிவேன். தாய்மை அடைந்த பெண்கள் மட்டும் அடுத்த முறை வரை காத்திருக்கக் கூடாது. கருவுற்றது தெரிந்த அன்றே மாத்திரையை நிறுத்தாமல் கிளினிக்கிற்குச் செல்ல வேண்டும். அக்காலத்தில் பெரும்பாலோருக்கு அளவைக் கூட்ட நேரிடும். குழந்தையின் மூளை வளர்ச்சி தொடக்க மாதங்களில் தாயின் ஹார்மோனை நம்பியே இருக்கிறது. புற்றுநோய்க்காக அறுவை செய்துகொண்டவர்களுக்குக் கதிரியக்க அயோடின் சிகிச்சையும் தேவைப்படலாம்; அதன் பொருட்டுச் சிறிது காலம் மாத்திரையை நிறுத்தச் சொன்னால், மீண்டும் தொடங்கும் நாளை எழுதி வாங்கிக் கொள்ளுங்கள்.

கிளினிக்கிலிருந்து வந்துள்ள தாதியார் மண்டபத்தின் பின்புறம் அமர்ந்திருக்கிறார். மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டு வந்தவர்கள் அவரிடம் காட்டலாம். அக்காளும் இங்கே வந்திருக்கிறார். கேட்கக் கூசும் கேள்விகளைப் பெண்கள் அவரிடம் கேட்கலாம். என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.