வருமுன் காக்கும் தலைமை
(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம்மிற் சிலர் இன்று வங்கிகளிலும் காப்புறுதி நிறுவனங்களிலும் தகவல் தொழில்நுட்பப் பிரிவுகளுக்குத் தலைமை வகிக்கிறோம். சிலர் அவர்கள் கேட்கும் பணத்துக்கு ஒப்பமிடும் இடத்தில் இருக்கிறோம். வைத்தியர்களாகிய நாங்களோ அவர்கள் நடத்தும் கணினியை நம்பித்தான் நோயாளியின் இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்க்கிறோம். ஆகவே அவர்களுடைய சவால் நம் எல்லோருக்கும் உரியது.

அந்தச் சவால் கணினியில் இல்லை. இன்னும் வராத ஆபத்துக்காகப் பணம் கேட்பதில்தான் இருக்கிறது. தடுப்பூசி போட்ட பிள்ளைக்குச் சின்னமுத்து வரவில்லை என்று யாரும் வந்து நன்றி சொல்வதில்லை. ஒழுங்காக ஓடும் சேர்வரைப் பற்றியும் பணிப்பாளர் சபையில் யாரும் பேசுவதில்லை.

2023 ஆகஸ்டில் நமது நாட்டில் நடந்ததை நினைத்துப் பார்ப்போம். கோப்புகளைப் பூட்டிவிட்டுக் கப்பம் கேட்கும் 'ரான்சம்வெயார்', அரசின் கிளவுட் சேவையைத் தாக்கியது. ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் கணக்குகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்களுக்குக் காப்புப் பிரதி இல்லாததால் அவை மீளக் கிடைக்கவில்லை. பழைய மென்பொருளைப் புதுப்பிப்பது நிதிப் பற்றாக்குறை உள்ளிட்ட காரணங்களால் பிந்திவிட்டது என்று தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவராண்மை விளக்கம் தந்தது.

வசதியுள்ள நாட்டிலும் இதுவே நடந்தது. 2021 மே 14 அன்று அயர்லாந்தின் அரச சுகாதாரச் சேவை இத்தகைய தாக்குதலால் தன் கணினிகளை நிறுத்தியது. வைத்தியர்கள் பேனைக்கும் தாளுக்கும் திரும்பினார்கள். தாக்கியவர்கள் மார்ச் மாதமே உள்ளே புகுந்திருந்தார்கள். அறிகுறிகள் தென்பட்டும் உரிய நடவடிக்கை எடுக்கப்படவில்லை. இணையப் பாதுகாப்புக்கென்று உயர்மட்டத்தில் பொறுப்பான ஒருவர் இருக்கவில்லை என்று பின்னர் வந்த சுயாதீன அறிக்கை சொன்னது.

அறிகுறியைக் கவனியாது விடுவதன் விலை ஹெந்தளையில் படித்த நமக்குத் தெரியும். ஒல்லாந்தர் காலத்தில், 1708 இல், கட்டப்பட்ட தொழுநோய் வைத்தியசாலை இவ்வூரில் இருக்கிறது. அந்த நோய் இன்று மாத்திரைகளால் குணமாகும். ஆனாலும் ஊர் ஒதுக்கிவிடும் என்ற பயத்தில், உணர்ச்சியற்ற தேமலை மறைத்து, கைகால் பாதிக்கப்பட்ட பிறகு வருவோர் உண்டு. அலுவலகத்திலும் அப்படித்தான். தெரியாத மின்னஞ்சலைத் திறந்துவிட்ட எழுதுவினைஞர் ஏச்சுக்குப் பயந்து பேசாமலிருந்தால், பாதிப்பு முழு நிறுவனத்துக்கும் பரவும். ஓடிவந்து சொன்னவருக்கு முதலில் நன்றி சொல்பவரே நல்ல தலைவர்.

சகோதரிகளே, தலைமையில் இருக்கும் நாம் சபையில் சேர்வரின் கதையைச் சொல்ல வேண்டாம். "மூன்று நாள் கணினி நின்றால் சம்பளம் எப்படிப் போடுவது? எந்த நோயாளிக்கு எந்த மருந்து ஒவ்வாது என்று எங்கே பார்ப்பது?" என்று கேட்போம். ஒப்பமிடும் இடத்தில் இருக்கும் நாம், "காப்புப் பிரதி இருக்கிறதா?" என்பதோடு நில்லாமல், "அதிலிருந்து கடைசியாக எப்போது மீட்டுப் பார்த்தீர்கள்?" என்றும் கேட்போம். அதற்குத் திகதியோடு பதில் வரவேண்டும். அதுவரை அந்தச் செலவில் ஒரு சதத்தையும் வெட்ட வேண்டாம்.