ஆதரவு முடிந்த இயக்க முறைமையும் அலுவலகங்களின் பொறுப்பும்

2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள், விண்டோஸ் 10 என்னும் இயக்க முறைமைக்கு அளித்து வந்த பொது ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் முடித்துக்கொண்டது. மறுநாள் காலை அலுவலகங்கள் வழக்கம் போல் திறந்தன. கணிப்பொறிகளும் வழக்கம் போல் இயங்கின. கடிதங்கள் அச்சாயின, சம்பளப் பட்டியல்கள் தயாராயின, எந்தத் திரையும் இருண்டுவிடவில்லை. எதுவுமே நிகழாதது போன்ற இந்தத் தோற்றம்தான் இப்பொருளில் உள்ள பெரும் இடர்ப்பாடு. ஜீப்பின் சக்கரம் தேய்ந்தால் ஓட்டுநர் வந்து சொல்லிவிடுவார். கூரை ஒழுகினால் கோப்புகள் நனைந்து காட்டிக் கொடுத்துவிடும். ஆதரவை இழந்த கணிப்பொறியோ நேற்றுச் செய்த வேலையை இன்றும் செய்துகொண்டே இருக்கும். ஆகையால் அதற்குப் பணம் கேட்டு எழுதப்படும் குறிப்பு, நிதிப் பிரிவின் மேசையில் கடைசிக் கோப்பாகவே கிடக்கும்.

ஆதரவு என்ற சொல்லின் பொருளை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. இயக்க முறைமை என்பது கோடிக்கணக்கான வரிகளால் ஆன நிரல். அவ்வளவு பெரிய படைப்பில் பிழைகள் இல்லாமல் இரா. பிழைகள் கண்டறியப்படும் போதெல்லாம் தயாரிப்பாளர் திருத்தங்களை வெளியிடுகிறார். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் இதற்கென ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய்க்கிழமையை ஒதுக்கியுள்ளது. ஆதரவு முடிந்தது என்றால், பிழைகள் தீர்ந்துவிட்டன என்று பொருளன்று. திருத்தங்கள் வருவது நின்றுவிட்டது என்றே பொருள். இதில் பலர் கவனிக்கத் தவறும் நுட்பம் ஒன்று உண்டு. பழைய முறைமைக்கும் அதன் வாரிசான புதிய முறைமைக்கும் நிரலில் பெரும்பகுதி பொதுவானது. புதியதற்கு ஒரு திருத்தம் வெளிவந்தவுடன், அது எந்த ஓட்டையை அடைக்கிறது என்பதைத் தீயவர்கள் ஆராய்கின்றனர். அதே ஓட்டை பழையதில் அடைக்கப்படாமல் இருப்பதை எளிதில் ஊகித்துவிடுகின்றனர். எனவே ஆதரவு முடிந்த முறைமையின் ஆபத்து நாள்தோறும் ஒரே அளவில் நிற்பதில்லை. மாதத்துக்கு மாதம் வளர்கிறது. வைரஸ் தடுப்பு மென்பொருள் இருக்கிறதே என்று சிலர் ஆறுதல் கொள்வதுண்டு. சுவரில் ஓட்டையை விட்டுவிட்டு வாயிலில் காவலாளியை நிறுத்துவது போன்றது அது.

இதன் விளைவை உலகம் 2017ஆம் ஆண்டு மே மாதம் 12ஆம் நாள் கண்டது. வான்னாக்ரை என்று பெயர் பெற்ற தீநிரல், பயனாளர் எதையும் சொடுக்காமலே வலையமைப்பின் வழியாக ஒரு கணிப்பொறியிலிருந்து மற்றொன்றுக்குப் பரவியது. கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறப்பதற்கு 300 டாலர் கேட்டது. நூற்றைம்பது நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணிப்பொறிகள் பாதிக்கப்பட்டன. பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவையில், இங்கிலாந்தின் 236 மருத்துவமனை நிர்வாக அமைப்புகளுள் குறைந்தது 80 பாதிப்புக்குள்ளாயின. ஐந்து பகுதிகளில் அவசர சிகிச்சைக்கு வந்தவர்கள் வேறு தொலைவான மருத்துவமனைகளுக்குச் செல்ல நேர்ந்தது. ஏறத்தாழ 19,000 மருத்துவச் சந்திப்புகள் ரத்தாயிருக்கும் என்ற மதிப்பீட்டை அந்நாட்டுத் தேசிய தணிக்கை அலுவலகத்தின் அறிக்கை குறிப்பிட்டது.

அத்தணிக்கை அறிக்கையை அலுவலர்கள் படித்துப் பார்க்க வேண்டும். விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8 அன்று முடிவடைந்தது. 2015 ஏப்ரலுக்குள் அதனைக் கைவிடத் திட்டம் வகுக்குமாறு மருத்துவ அமைப்புகளுக்கு 2014ஆம் ஆண்டிலேயே கடிதம் சென்றது. ஆனால் அக்கடிதத்தின்படி யார் நடந்தார்கள், யார் நடக்கவில்லை என்பதைச் சரிபார்க்க முறையான ஏற்பாடு எதுவும் துறையிடம் இருக்கவில்லை. சுற்றறிக்கை அனுப்பியதோடு கடமை முடிந்தது என்று கருதும் பழக்கம் நம் நாட்டுக்கு மட்டுமே உரியது அன்று போலும்! மற்றொரு செய்தியும் அதே அளவு முக்கியமானது. அந்தத் தீநிரல் பயன்படுத்திய ஓட்டைக்கான திருத்தம் இரண்டு மாதம் முன்னதாக, மார்ச் 14 அன்றே வெளிவந்துவிட்டது. பாதிக்கப்பட்ட கணிப்பொறிகளுள் பெரும்பாலானவை அப்போது ஆதரவு பெற்றிருந்த விண்டோஸ் 7ஐக் கொண்டவை. வந்த திருத்தத்தை எவரும் நிறுவவில்லை. ஆகவே புதிய முறைமையை வாங்கி வைப்பது மட்டும் பாதுகாப்பு ஆகிவிடாது.

அதே மாதத்தில் கேரளத்தில் சில ஊராட்சி அலுவலகங்களின் கணிப்பொறிகளும் இத்தீநிரலுக்கு இரையாயின. ஊராட்சி அலுவலகத்தின் கணிப்பொறியில் இருப்பவை பிறப்புப் பதிவும் வீட்டு வரிக் கணக்கும். அவற்றுக்கு நகல் இல்லையேல் நட்டம் அலுவலகத்துக்கு அன்று. பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கச் சான்றிதழ் கேட்டு வரிசையில் நிற்கும் தாய்க்கு. பொருளாதாரம் பயிலும் மாணவர்கள் இதனைப் புறவிளைவு என்று உடனே அடையாளம் காண்பர். செலவைத் தள்ளிப்போடும் அலுவலகம் மிச்சம் பிடிக்கிறது. அதன் விலையைக் கொடுப்பவர் வேறொருவர். பாதிக்கப்பட்ட ஒரு கணிப்பொறி அதே வலையமைப்பில் உள்ள பிறவற்றையும் பாதிக்கிறது என்பதால், இச்செலவை ஒவ்வோர் அலுவலகத்தின் விருப்பத்துக்கு விட்டுவிடவும் இயலாது.

இந்த இடத்தில் பாரத ரிசர்வ் வங்கி கையாண்ட முறை குறிப்பிடத்தக்கது. எக்ஸ்பியில் இயங்கும் ஏ.டி.எம். இயந்திரங்கள் பற்றிய தன் கவலையை அது 2017 ஏப்ரலிலேயே வங்கிகளுக்குத் தெரிவித்திருந்தது. முன்னேற்றம் மெதுவாக இருப்பதைக் கண்டு, 2018 ஜூன் 21 அன்று காலக்கெடுவுடன் கூடிய சுற்றறிக்கையை வெளியிட்டது. ஆதரவுள்ள இயக்க முறைமைக்கு 2018 செப்டம்பருக்குள் கால் பங்கு இயந்திரங்களும், டிசம்பருக்குள் பாதியும், 2019 மார்ச்சுக்குள் முக்கால் பங்கும், ஜூனுக்குள் அனைத்தும் மாற வேண்டும் என்றது. அதற்கு முன்பே, 2018 ஆகஸ்டுக்குள், யு.எஸ்.பி. துளைகளை முடக்குவது போன்ற இடைக்காலப் பாதுகாப்புகளைச் செய்து முடிக்கவும் பணித்தது. தவறினால் நடவடிக்கை உண்டு என்றும் எச்சரித்தது. பெரிய வேலையைப் பங்கு பிரித்து, ஒவ்வொரு பங்குக்கும் நாள் குறித்து, மாற்றம் முடியும் வரையில் ஆபத்தைக் குறைக்கும் வழியையும் சொன்னதே இச்சுற்றறிக்கையின் சிறப்பு. எக்ஸ்பியின் ஆதரவு முடிந்து நான்காண்டுகளுக்குப் பின்னரே இது வந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

இனி, ஓர் அலுவலகமோ கல்லூரியோ செய்ய வேண்டியது என்ன? முதல் வேலை கணக்கெடுப்பு. இருப்புப் பதிவேட்டில் கணிப்பொறி வாங்கிய நாளும் விலையும் இருக்கும். அதில் எந்த இயக்க முறைமை உள்ளது, அதன் ஆதரவு என்று முடிகிறது என்ற பத்தி பெரும்பாலும் இராது. அதனைச் சேர்த்து நிரப்புவதற்கு நிதி ஒதுக்கீடு எதுவும் தேவையில்லை. அத்துடன் கோப்புகளின் நகலை வலையமைப்போடு இணையாத வேறொரு வன்தட்டில் எடுத்து, அந்நகல் உண்மையில் திறக்கிறதா என்றும் பார்த்துவிட வேண்டும். திறந்து பார்க்காத நகல் நகலாகாது.

அடுத்தது தரம் பிரித்தல். விண்டோஸ் 11க்கு டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு வசதி தேவை. இன்டெல் செயலியாயின், பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ இருக்க வேண்டும். பல கணிப்பொறிகளில் அந்த வசதி இருந்தும் அடிப்படை அமைப்பில் அணைத்து வைக்கப்பட்டிருப்பதுண்டு. அதனைத் திறந்துவிட்டாலே போதுமானதைப் பழையது என்று கழித்துவிடுவது வீண்செலவு. தகுதி இல்லாத கணிப்பொறியில் குறுக்கு வழியில் புதியதை ஏற்றும் உத்திகளும் உலவுகின்றன. அவ்வாறு ஏற்றியவற்றுக்குத் திருத்தங்கள் வரும் என்று தயாரிப்பாளர் உறுதியளிப்பதில்லை. அலுவலகங்களுக்கு அது உகந்ததன்று.

தகுதி இல்லாதவற்றுக்குச் சிறிது காலம் வாங்க, கட்டணத்துடன் கூடிய நீட்டிப்புத் திருத்தங்கள் உண்டு. தனி மனிதர்களுக்கு அது 2026 அக்டோபர் 13 வரை என்றும், நிறுவனங்களுக்கு மூன்றாண்டு வரை என்றும் அறிவிக்கப்பட்டது. நிறுவனங்களுக்கான கட்டணம் ஒரு கணிப்பொறிக்கு முதலாண்டு 61 டாலர். ஆண்டுதோறும் இரு மடங்காகும். மூன்றாண்டுக்கும் சேர்த்து 427 டாலர். காலந்தாழ்த்திச் சேர்பவர் கழிந்த ஆண்டுக்கும் செலுத்த வேண்டும். இத்தொகை ஓர் எளிய புதிய கணிப்பொறியின் விலையை நெருங்கிவிடுவதால், முதலாண்டுக்கு மட்டும் வாங்கி, அதற்குள் மாற்றத்தை முடிப்பதே சிக்கனம். கல்வி நிலையங்களின் நிலை வேறு: அவற்றுக்கு முதலாண்டு ஒரு டாலர், அடுத்து இரண்டு, பின்னர் நான்கு என்றே விலை குறிக்கப்பட்டது. இச்சலுகையை அறியாத கல்லூரிகள் இருப்பின் மாணவர்களே முதல்வரிடம் எடுத்துச் சொல்லலாம்.

நீட்டிப்பு எவ்வளவு செலவு பிடிக்கும் என்பதற்கு முன்னுதாரணங்கள் உண்டு. எக்ஸ்பிக்காக பிரிட்டன் அரசு 2014ஆம் ஆண்டு ஓராண்டுக்கு ஏறத்தாழ 55 லட்சம் பவுண்டு செலுத்தியது. அமெரிக்கக் கடற்படை 2015ஆம் ஆண்டு 91 லட்சம் டாலருக்கு ஒப்பந்தம் செய்தது. திட்டமிடாமைக்குச் செலுத்திய வட்டி என்றே இவற்றைக் கொள்ளலாம்.

கடிதம் எழுதவும், அட்டவணை போடவும், இணையம் பார்க்கவும் மட்டுமே பயன்படும் கணிப்பொறிகளுக்கு லினக்ஸ் சிறந்த மாற்று. உரிமக் கட்டணம் இல்லை. பத்தாண்டுப் பழைய கணிப்பொறியிலும் இயங்கும். சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையத்தில் உருவான பாஸ் என்னும் இந்திய லினக்ஸ் 2007ஆம் ஆண்டு வெளிவந்தது. இந்திய மொழிகளுக்கான வசதிகள் அதில் உண்டு. மின்னாளுகையில் திறந்தமூல மென்பொருளுக்கு முன்னுரிமை அளிக்கும் கொள்கையை மத்திய அரசு 2015ஆம் ஆண்டு அறிவித்தது. கேரள அரசுப் பள்ளிகளின் கணிப்பொறிக் கல்வி லினக்ஸ் வழியே நடைபெற்று வருவது, பயிற்சி இருந்தால் இது இயலும் என்பதற்குச் சான்று.

எனினும் லினக்ஸ் எல்லாவற்றுக்கும் மருந்தன்று. அங்கும் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் முடிவு நாள் உண்டு. டெபியன் வெளியீடு ஒன்றுக்கு மூன்றாண்டு முழு ஆதரவும், மேலும் இரண்டாண்டு நீட்டிப்பும் கிடைக்கின்றன. கருவூலப் பட்டியல்களில் ஒப்பமிடும் மின்கையொப்பக் கருவி புதிய முறைமையில் இயங்குகிறதா என்று ஒரு கணிப்பொறியில் சோதித்த பின்னரே மற்றவற்றை மாற்ற வேண்டும். தமிழ் அலுவலகங்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. ஒருங்குறிக்கு முற்பட்ட எழுத்துருக்களில் தட்டச்சான பழைய கோப்புகள், அந்த எழுத்துரு இல்லாத கணிப்பொறியில் புரியாத குறியீடுகளாகவே தெரியும். தமிழ்நாடு அரசு 2010ஆம் ஆண்டிலேயே ஒருங்குறியைத் தரமாக ஏற்றுக்கொண்டது. ஆயினும் அதற்கு முந்திய கோப்புகளை மாற்றி வைக்காத அலுவலகங்கள், பழைய கணிப்பொறியைக் கழிக்கும் நாளில்தான் அதன் அருமையை உணரும்.

ஆய்வுக்கூடக் கருவியோடும் மருத்துவக் கருவியோடும் பிணைந்த கணிப்பொறிகள் தனி வகை. கருவி நன்றாக இருக்கும். அதனை இயக்கும் மென்பொருள் பழைய முறைமையில் மட்டுமே ஓடும். பல லட்ச ரூபாய்க் கருவியை இதற்காகத் தூக்கி எறிய முடியாது. இத்தகைய கணிப்பொறியை வலையமைப்பிலிருந்து துண்டித்துவிட வேண்டும். கோப்புகளை எடுக்கத் தனியாக வைத்த, ஒவ்வொரு முறையும் சோதித்த பென் டிரைவை மட்டுமே பயன்படுத்த வேண்டும். இது துண்டிக்கப்பட்டது என்று அதன் மேல் எழுதி ஒட்டவும் வேண்டும். புதிதாக மாற்றலாகி வரும் எழுத்தர் இணையக் கம்பியை நல்லெண்ணத்துடன் மீண்டும் செருகிவிடுவது எங்கும் நடப்பதே.

கழிக்கப்படும் கணிப்பொறிகளை ஏலத்தில் விடுமுன் வன்தட்டை முறையாக அழித்தல் அவசியம். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி, பெருமளவில் பயன்படுத்தும் நிறுவனங்கள் இவற்றைப் பதிவு பெற்றவர்களிடமே ஒப்படைக்க வேண்டும். பழைய இரும்புக்காரரிடம் எடை போட்டுக் கொடுப்பது விதிமீறலாகும்.

புதிதாக வாங்கும்போது ஒப்பந்தப்புள்ளிக் குறிப்பில் நினைவகத்தின் அளவையும் திரையின் அகலத்தையும் எழுதுவோர், இயக்க முறைமையின் ஆதரவு இத்தனையாண்டு எஞ்சியிருக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்ப்பது கடினமன்று. துறைக்கென எழுதப்படும் மென்பொருள் ஒரே இயக்க முறைமையை நம்பி நிற்கக் கூடாது என்பதும் அக்குறிப்பில் இடம்பெறத் தக்கது. மாற்றத்தை அதிகம் தடுப்பது இத்தகைய மென்பொருளே.

இருப்புப் பதிவேட்டில் சேர்க்க வேண்டிய அப்பத்தியை நிரப்புவோர் மேசைக் கணிப்பொறிகளோடு நின்றுவிடலாகாது. பின்னறையில் பூட்டி வைக்கப்பட்டிருக்கும் சர்வரையும் திறந்து பார்க்க வேண்டும். விண்டோஸ் சர்வர் 2016க்கான பொது ஆதரவு முடியும் நாளாக அறிவிக்கப்பட்டிருப்பது 2027 ஜனவரி 12.