கொதிகலன் பழுதுபார்க்கும் வேலைக்குப் போகலாமா?

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் நிகழ்த்திய உரை)

விழா மேடையில் பேசத்தக்க பொருள்கள் பல உள. ஆயினும் நம் கழக அலுவலகத்திற்கு வரும் பெற்றோர் அடிக்கடி கேட்கும் ஒரு கேள்வியையே இன்று எடுத்துக்கொள்கிறோம். "பையன் ஐ.டி.ஐ. முடிச்சிருக்கிறானுங்க. பாய்லர் ரிப்பேர் கம்பெனியில கூப்பிடறாங்க. அனுப்பலாமுங்களா சார்?" என்பதே அக்கேள்வி. போ என்றும் போகாதே என்றும் ஒரு சொல்லில் விடை கூற நம்மால் இயலவில்லை. ஏன் இயலவில்லை என்பதைச் சற்று விரித்துரைக்க வேண்டும்.

கோவை மண்ணுக்கும் நீராவிக்கும் உள்ள உறவு பழையது. 1888-இல் இராபர்ட் ஸ்டேன்ஸ் நிறுவிய நூற்பாலை மின்சாரம் அறியாத காலத்தது. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்தபின் ஆலைகள் பெருகின. இயந்திரத்தைச் சுழற்ற நீராவி வேண்டாதாயிற்று. கொதிகலன் மட்டும் நம் நாட்டை விட்டுப் போகவில்லை. துணிக்குச் சாயமேற்றவும், நெல்லை அவிக்கவும், பாலைப் பதப்படுத்தவும் நீராவி வேண்டும். 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டபோது, இத்தொழிலே படுத்துவிடும் என்று பலர் அஞ்சினர். நடந்தது வேறு. கழிவுநீரை வெளியே விடாது காய்ச்சி வற்றச்செய்யும் முறை வலுப்பெற்றது. அதற்கும் நீராவியே வேண்டியிருந்தது. ஆகவே இவ்வேலை நாளைக்கு இருக்குமா என்ற ஐயம் பெற்றோர்க்கு வேண்டா.

வேலை எத்தகையது என்பதைத்தான் அறிய வேண்டும். நம் பகுதி ஆழ்குழாய்க் கிணற்று நீர் பெரும்பாலும் உப்பு நீர். அதனைச் சரிவர மென்மைப்படுத்தாமல் கொதிகலனில் விட்டால், நாளடைவில் டியூப்களில் உப்பு பாறைபோல் படியும். படிந்த இடத்தில் வெப்பம் நீருக்குச் செல்லாது இரும்பிலேயே தங்கும். இரும்பு இளகும், புடைக்கும், ஒருநாள் வெடிக்கும். நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 1,600 மடங்கு விரியும் என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது அவர்கள் சிரிப்பார்கள். கொதிகலன் அருகே நிற்பவர்க்கு அது சிரிப்பதற்குரிய செய்தியன்று. ஆதலின், குறித்த காலத்தில் கொதிகலனை நிறுத்தி, ஆறவிட்டு, மேன்ஹோல் வழியாக ஓர் ஆள் உள்ளே நுழைந்து உப்பையும் கரியையும் சுரண்டி எடுப்பான். பிறகு கெட்ட டியூப்களை அறுத்தெடுத்துப் புதியவற்றை வைத்து வெல்டிங் செய்வர். நீரழுத்தச் சோதனை நடக்கும். அரசின் கொதிகலன் ஆய்வாளர் பார்த்து ஒப்பிய பின்னரே மீண்டும் தீ மூட்டலாம்.

இங்கே இருவகைக் கைகள் இருப்பதைக் கவனியுங்கள். சுரண்டி பிடிக்கும் கை ஒன்று. வெல்டிங் கோல் பிடிக்கும் கை மற்றொன்று. இரண்டுக்கும் உழைப்பு ஒன்றே, வியர்வை ஒன்றே. ஆனால் இரண்டாவது கைக்குச் சட்டம் ஒரு தாளைக் கொடுத்திருக்கிறது. 1863-இல் கல்கத்தாவில் கொதிகலன் வெடித்துப் பலர் மாண்டனர். அதன் விளைவாக 1864-இல் வங்காளத்தில் பிறந்த சட்டமே இந்நாட்டுக் கொதிகலன் சட்டங்களுக்கு மூத்தது. 1923-இல் இந்தியா முழுமைக்கும் ஒரு சட்டம் வந்தது. 2025-இல் நாடாளுமன்றம் அதற்குப் பதிலாகப் புதிய சட்டம் இயற்றியது. கொதிகலனின் அழுத்தம் தாங்கும் பகுதிகளில் வெல்டிங் செய்பவன் தேர்வு எழுதி, செய்து காட்டிச் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும் என்பது இன்றும் விதி. அச்சான்றிதழ் நிறுவனத்தின் பெயரில் இராது, வெல்டரின் பெயரில் இருக்கும். கொதிகலனை இயக்குபவர்க்கும் அவ்வாறே இரண்டாம் வகுப்பு, முதல் வகுப்பு என்று தகுதிச் சான்றுகள் உண்டு. சுரண்டி பிடித்தவனுக்கு இருபது ஆண்டு கழித்தும் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது.

நமக்குத் தெரிந்த இளைஞன் ஒருவன், பெயர் வேண்டா, ஐ.டி.ஐ.யில் வெல்டர் பிரிவு தேறி ஒரு பழுதுபார்க்கும் நிறுவனத்தில் சேர்ந்தான். முதல் நாள் மேற்பார்வையாளர் அவன் படிப்பைக் கேட்கவில்லை. "எந்த ஊர்? ஊருக்குள்ளே எந்தப் பக்கம்?" என்று கேட்டார். இக்கேள்வியின் பொருளை நம் அவைக்கு விளக்க வேண்டுவதில்லை. அன்று மாலையே அவன் கையில் சுரண்டியும் கோணிப்பையும் வந்தன. மூன்றாண்டு கழிந்தது. அவனுக்குப் பின்னால் சேர்ந்த இருவர் வெல்டர் தேர்வுக்கு அனுப்பப்பட்டனர். இவன் கேட்டபோது, "உள்ளே இறங்குவதில் உன்னைப்போல் கெட்டிக்காரன் வேறு யார்?" என்று தட்டிக்கொடுத்தனராம். பாராட்டுப் போல ஒலிக்கும் இச்சொல்லை நம் பாட்டன்மாரும் கேட்டிருக்கின்றனர். சாக்கடை ஓரத்திலும் கேட்டனர், தோல் தொட்டியின் ஓரத்திலும் கேட்டனர்.

இது புதிதன்று. 1928-இல் பம்பாய்ப் பஞ்சாலைத் தொழிலாளரின் பெரு வேலைநிறுத்தத்தின்போது அண்ணல் அம்பேத்கர் தொழிற்சங்கத் தலைவர்கள் முன் ஒரு கேள்வியை வைத்தார். கூலி மிகுந்த நெசவுப் பிரிவில் தீண்டப்படாதார் சேர்க்கப்படவில்லை. அறுந்த நூலை நாடாவில் கோக்க அதை வாயால் உறிஞ்ச வேண்டும். நம்மவர் வாய் பட்ட நாடாவை மற்றவர் தொடமாட்டார். ஒரே ஆலை, ஒரே சங்கு, ஒரே வாயில். உள்ளே சென்றபின் பாதை இரண்டு. நாடா போய்க் கொதிகலன் வந்திருக்கிறது, அவ்வளவே. அங்கே சாதி வெளியே நிறுத்தியது. இங்கே உள்ளே இறக்கிவிடுகிறது.

அப்படியானால் இவ்வேலையே வேண்டா, அரசுப் பணித் தேர்வு எழுதிக் காத்திருக்கலாம் என்பார் உளர். அரசுப் பணியை நாம் குறைத்துரைக்கவில்லை. அதில் உண்டு வாழ்ந்தவர்கள் நாம். ஆதிதிராவிடர்க்குரிய 18 விழுக்காட்டில் அருந்ததியர்க்கு 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2009-இல் சட்டமாயிற்று. 2024 ஆகஸ்டில் உச்சநீதிமன்றமும் அத்தகைய உள்ஒதுக்கீடு செல்லும் என்றது. ஆயினும் அப்பணியிடங்கள் எத்தனை, எழுதுவோர் எத்தனை? முப்பது வயது வரை திண்ணையில் அமர்ந்து விண்ணப்பம் எழுதுவதைக் கண்ட தாய்மார் இங்கேயே பலர் இருக்கின்றனர். கையில் தொழிலோடு தேர்வு எழுதுவதை யாரும் தடுக்கவில்லை.

"மறுபடியும் கரியும் அழுக்குந்தானா?" என்று ஓர் அன்னை கேட்டார். நியாயமான கேள்வி. எனினும் கரி கழுவினால் போகும். உயிர் அபாயம் அப்படிப்பட்டதன்று. 2020-இல் நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்தில் மே 7 அன்று ஒரு கொதிகலன் விபத்து. இரண்டு திங்கள் ஆகுமுன் சூலை 1 அன்று மற்றொன்று. அன்றே இறந்த அறுவரும் ஒப்பந்தத் தொழிலாளர். அரசு நிறுவனத்திலேயே இவ்வாறெனில் பட்டறைகளைப் பற்றிச் சொல்ல வேண்டுமா?

ஆகவே வேலைக்கு அழைப்பவரிடம் முதலில் சம்பளத்தைக் கேளாதீர்கள். கொதிகலன் பழுதுபார்க்கக் கொதிகலன் இயக்ககத்தின் ஒப்புதல் பெற்ற நிறுவனமா என்று கேளுங்கள். பெயர் நிறுவனத்தின் பதிவேட்டில் ஏறுமா, இடைத்தரகரின் நோட்டில் ஏறுமா என்று கேளுங்கள். ஈ.எஸ்.ஐ. எண் முதல் மாதமே வர வேண்டும், சிங்காநல்லூர் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனை வாயிலில் அடிபட்டவனைக் கிடத்திவிட்டு எண் தேடி அலைந்த குடும்பங்களை நாம் அறிவோம். உள்ளே இறங்குமுன் கலன் ஆறியதா, நச்சுக்காற்று நீங்கியதா என்று தகுதியுடையவர் எழுத்தில் தர வேண்டும். இல்லையேல் மூச்சுக்கருவியும், வெளியே ஒருவர் பிடித்திருக்கும் கயிறும் வேண்டும். உள்ளே கொண்டுசெல்லும் விளக்கு 24 வோல்ட்டுக்கு மேற்படலாகாது. இவை நம் ஆசையன்று. தொழிற்சாலைச் சட்டம் என்றோ எழுதிவைத்த காப்புகள். கயிற்றைப் பிடிப்பவர் யார் என்று கேட்டு, "அதெல்லாம் எதற்கப்பா?" என்று பதில் வந்தால், அங்கிருந்தே திரும்பிவிடுங்கள்.

எல்லாவற்றினும் முதன்மையான கேள்வி இது: "எத்தனை மாதத்தில் எங்களை வெல்டர் தேர்வுக்கு அனுப்புவீர்கள்?" சுரண்டி பிடிப்பதில் இழிவில்லை, எந்த வெல்டரும் கலனின் உள்ளறிவைச் சுரண்டிதான் கற்க வேண்டும். ஓராண்டு, மிஞ்சினால் இரண்டாண்டு. அதற்குமேல் தேர்வுப் பேச்சே எழவில்லையெனில், அந்நிறுவனம் உங்களை வைத்திருப்பது தொழிலுக்கன்று. பட்டறிவுச் சான்றை எழுதி வாங்கிக்கொண்டு வேறு நிறுவனத்தை நாடுங்கள். அசல் சான்றிதழ்களை வாங்கிப் பூட்டிவைக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. எவர் கேட்பினும் அசலைக் கொடுக்க வேண்டா. காட்டிவிட்டு நகலைத் தாருங்கள்.

மேலே சொன்ன இளைஞன் அவ்வாறே வெளியேறினான். அடுத்துச் சேர்ந்த இடத்தில் சேரும் நாளிலேயே தேர்வைப் பற்றிக் கேட்டான். பதினான்காம் மாதம் தேறினான். இப்போது ஆண்டுப் பராமரிப்புக்கு ஆலைக்காரர்கள் அவனைப் பெயர் சொல்லி அழைக்கின்றனர். தனியே ஒரு பட்டறை வைக்கலாமா என்று சென்ற பொங்கலன்று நம்மிடம் வந்து பேசினான். 2023-இல் தமிழக அரசு தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 விழுக்காடு முதலீட்டு மானியம் உண்டென்பதை அவனுக்குச் சொன்னோம். பழுதுபார்க்க ஒப்புதல் பெறுவதற்கு அவன் பெயரில் உள்ள அந்தச் சான்றிதழும் உதவும்.

கையில் வேலைக் கடிதம் வைத்திருப்பவர்கள் ஞாயிறு காலை பத்து மணிக்குக் கழக அலுவலகத்திற்கு வாருங்கள். பெற்றோரையும் அழைத்து வாருங்கள். கையெழுத்திடுமுன் ஒவ்வொரு வரியையும் சேர்ந்து படிப்போம். நிறுவனத்தாரிடம் கேட்கத் தயங்குவோர்க்குத் துணையாக, கழகத்தின் பெயரால் நாமே உடன் வந்து கேட்கிறோம்.