கும்பகோணத்துக் குழிகளில் இறங்கும் ரோபோ

தஞ்சைப் பகுதியின் நவீன அரிசி ஆலைகளில், சரிந்து விழும் அரிசியைக் கேமரா கண்காணிக்க, கறுத்த மணி தென்பட்டவுடன் அழுத்தக் காற்று அதனை மட்டும் ஊதித் தள்ளிவிடுகிறது. இவ்வாறு மனிதரின் இடையீடின்றி ஒரு வேலை வரையறுத்த முறைப்படி தானே நடைபெறுவது தானியக்கம் எனப்படும். சூழலை அறியும் உணரி, அறிந்ததைக் கொண்டு முடிவுசெய்யும் கணினி, அம்முடிவைச் செயலாக்கும் இயங்குறுப்பு ஆகியவை ஒருங்கே அமைந்த இயந்திரம் ரோபோ ஆகும். அதற்கு மனித உருவம் வேண்டியதில்லை.

திருவனந்தபுரத்தைச் சேர்ந்த ஜென்ரோபாட்டிக்ஸ் நிறுவனத்தின் இளம் பொறியாளர்கள் உருவாக்கி, 2018-இல் கேரளத்தில் அறிமுகமாகி, அடுத்துக் கும்பகோணத்துக்கும் வந்த பேண்டிகூட், மாணவர்கள் அவசியம் அறியவேண்டிய ரோபோ ஆகும். பாதாளச் சாக்கடைக் குழிக்குள் தொங்கியவாறு இறங்கும் அதன் உடல், கால்களை விரித்துச் சுவரில் ஊன்றிக்கொள்ள, கை போன்ற உறுப்பு அடைப்பையும் மண்டியையும் வாளியில் அள்ளுகிறது. உள்ளிருக்கும் கேமராக்கள் அனுப்பும் காட்சியைத் திரையில் பார்த்து, மேலே நிற்பவர் அதனை இயக்குகிறார். ஆகவே இது முழுத் தானியக்கம் அன்று. மனிதரின் அறிவும் இயந்திரத்தின் உடலும் இணைந்து செய்யும் பணியாகும்.

சாக்கடையில் தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு, சில மூச்சுகளிலேயே உயிரைப் பறிக்கவல்லது. மனிதரைக் கொண்டு கழிவகற்றுவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்த பின்னரும் குழிக்குள் இறங்குவோரின் உயிரிழப்புகள் தொடர்வது பெருங்கொடுமை. முன்பு குழிக்குள் இறங்கிய தூய்மைப் பணியாளர்களே இந்த ரோபோவை இயக்குவதற்குப் பயிற்சி பெறுகின்றனர்.